உனக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய்

பூசணி என்பது அவள் பெயரில்லை. ஆனால் வீட்டில் அவளை வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. பேச்சு வந்த புதிதில் தம்பி வைத்த பெயர் அது. வைத்தவன் அப்போது எலும்பும் தோலுமாக இருந்ததால், பதிலுக்கு இவள் அவனுக்குச் சுண்டு என்று வைத்தாள். இரண்டும் ஒட்டிக்கொண்டன. சுண்டு வளர்ந்து, வாசல் நிலையில் தலை இடிக்கிற ஆளாகி, பஸ் ஓட்டப் போன பிறகும் சுண்டுதான். பூசணி மட்டும் பெயருக்குத் துரோகம் செய்யவில்லை. வருஷத்துக்கு வருஷம் பெயருக்கேற்றபடி ஆகிக்கொண்டே வந்தாள். ஊரே கேலி செய்தது, அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். கடைசியில் ஒருநாள், ஸ்கேன் எடுக்கும் அறைக்கு வெளியே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

"உங்க ரத்தம் பொருந்துது. வயசும் பரவாயில்ல" என்றாள் டாக்டர். சின்ன வயசுக்காரி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். "ஆனா உங்க ஈரல் பூரா கொழுப்பு படிஞ்சிருக்கு. இதுல பாதியை வெட்டி எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, வெச்சாலும் உங்க தம்பிக்கு வேலை செய்யாது."

"கொழுப்பு கரையாதா டாக்டர்?"

"கரையும். ஈரல் கொழுப்பு மத்த கொழுப்பை விட சீக்கிரமே கரையும். ஆனா நீங்க இளைக்கணும். சோறு, ரொட்டி, கிழங்கு, சர்க்கரை எல்லாத்தையும் விடணும். வருஷக் கடைசி லீவு முடிஞ்சதும் வாங்க, திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். அதுக்கு மேல தள்ளிப்போட அவர் உடம்புல தெம்பு இல்ல."

சுண்டுவின் ஈரல் கெட்டுப்போயிருந்தது. குடித்துக் கெடுத்துக்கொண்டதில்லை. டீயைத் தாண்டி அவன் எதையும் குடித்ததே கிடையாது. உடம்பே தன் ஈரலைப் பகையாளி என்று நினைத்து அரிக்கிற வியாதி, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னாள். டிப்போவில் மட்டும் அது யார் காதிலும் ஏறவில்லை. கண் மஞ்சளாகிப்போனவனுடைய டம்ளரை எடுத்து, மற்றவர்களுடையதோடு சேராமல் ஜன்னல் ஓரமாகக் கவிழ்த்துவைத்தார்கள். கூடப் பல வருஷம் டீ குடித்தவர்கள்தான். அதைப் பார்த்த அன்றைக்கே சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவன், அப்புறம் வேலைக்குப் போகவில்லை.

வேறு ஈரல் வைத்தால் பிழைப்பான். இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்குக் காத்திருக்கும் வரிசை நீளம். அவன் மனைவியின் ரத்தம் பொருந்தவில்லை. மிச்சம் இருந்தது பூசணிதான். இந்தப் பேச்சை எடுத்தபோது சுண்டு எழுந்தே நின்றுவிட்டான்.

"எங்கக்காவ அறுத்துத்தான் நான் இருக்கணும்னா, நான் இல்லாமலே போறேன். இன்னொரு தடவை இதைப் பேசினீங்கன்னா ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன்."

சொன்னால் செய்வான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அதனால் பூசணியும் அவன் மனைவியும் ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று ரகசியமாக முடிவெடுத்தார்கள். அவன் மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். பயந்துகொண்டு வருகிறவர்களை நாளெல்லாம் நாற்காலியில் உட்காரவைத்துப் பழகியவள்.

"முதல்ல நீங்க பாஸாகுங்க அண்ணி. அதுக்கப்புறம் அவர்கூட நான் சண்டை போட்டுக்கறேன். அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க."

ஆக, பூசணி இளைக்க வேண்டும். ஏன் இளைக்கிறாள் என்று தம்பிக்குத் தெரியக்கூடாது. கேட்பதற்குச் சுலபமான வேலைதான். ஆனால் அவள் வேலை பார்ப்பது ரொட்டிக்கடையில்.

விடிவதற்குள் அடுப்பு மூட்டிவிடும் பெரிய கடை அது, கேக்கில்கூட முட்டை சேர்க்காத சைவக் கடை. மாவு பிசையும் பகுதிக்கும் சுவை பார்க்கும் மேஜைக்கும் அவள்தான் பொறுப்பு. வருஷக் கடைசி லீவு நெருங்க நெருங்க, ஊருக்குப் போகிறவர்களும் ஊரிலிருந்து வருகிறவர்களும் சேர்ந்து கடையைக் கொள்ளையடிப்பார்கள். சுட்ட மாவின் வாசனை தலைமுடியில்கூட ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த வாசனைக்கு நடுவில் ஒருத்தி டப்பாவைத் திறந்து, வேகவைத்த முட்டைக்கோஸைத் தின்றுகொண்டிருந்தாள் என்றால் அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் கொடுத்த திட்டத்தில் பாதி கோழியும் மீனும் முட்டையும்தான். "நாங்க சைவம் சார்" என்றாள் பூசணி. அவர் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். அடித்து முடித்தபோது தாளில் கீரையும் கோஸும் பனீரும் ஒரு கைப்பிடி பாதாமும்தான் உயிரோடு இருந்தன. "கொஞ்சம் கஷ்டம்தான்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு மதியம் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பார்.

கடையில் அவளைக் காப்பாற்றியது ஒரு பழைய பழக்கம். ஒவ்வொரு தட்டு கேக்கும் வெளியே வந்ததும் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு, நன்றாக மென்று, நாக்கில் புரட்டிப் பார்த்து, காகிதத்தில் துப்பிச் சுருட்டிப் போட்டுவிட வேண்டும். விழுங்கக்கூடாது. விழுங்கினால் நாலு தட்டு தாண்டுவதற்குள் நாக்கு மரத்துப்போய்விடும், ஐந்தாவது தட்டில் சர்க்கரை குறைந்தால்கூடத் தெரியாது. சுவை பார்க்கும் மேஜையில் நிற்கிற எல்லோருக்கும் இது கை வந்த வேலை. முன்பெல்லாம் பூசணி யாரும் பார்க்காத நேரத்தில் விழுங்கிவிடுவாள். இப்போது முதல்முறையாக ஒழுங்காகத் துப்பினாள்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவள் இளைக்கத்தான் செய்தாள். முகம் வற்றியது. மோதிரம் கழன்று மாவில் விழுந்து, ஒருநாள் காலை முழுக்க மாவைச் சலித்துத் தேடினார்கள். ஆனால் டாக்டர் சொன்ன எடைக்கு இன்னும் நாலைந்து கிலோ பாக்கி இருக்கும்போது குளியலறை எடை மெஷின் முள் அசையமாட்டேன் என்று நின்றுவிட்டது. தினமும் ஏறினாள், இறங்கினாள். துணியைக் கழற்றிவிட்டு ஏறினாள். ஒற்றைக்காலில்கூட நின்று பார்த்தாள்.

"மெஷின் கெட்டுப்போச்சு, வந்து பாருங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். மட்டப்பலகையைக் கொண்டுவந்து மெஷின்மேல் வைத்துப் பார்த்தார். "மட்டமாத்தான் இருக்கு. எட்டு பேர் ஏறுற லிஃப்டுக்கே நான் சர்டிபிகேட் குடுக்கறேன், இதுக்குக் குடுக்கமாட்டேனா?" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் பலகையைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

"அங்க ஆபரேஷன் மேஜையில உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்னு யோசிச்சியா?"

"வெளியில சாப்பிட்டுக்குவீங்க."

"வெளையாடாத."

"வெளையாடலீங்க. அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல. அதுக்கு மேல யோசிக்க எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அவர் மெஷினைத் துடைத்துச் சுவரோரம் வைத்தார்.

இந்த நிலையில்தான் லீவு வந்தது. லீவென்றால் எல்லோரும் பூசணி வீட்டில்தான் கூடுவார்கள். அது எப்போதோ ஏற்பட்டுப்போன ஏற்பாடு. அவள் சமைப்பாள், மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்பார்கள். இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லலாம்தான். சொன்னால் சுண்டு ஏன் என்று கேட்பான்.

சமையலறை மேஜையில் காய்களைப் பரப்பிவைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தாள். அவள் சாப்பிடக்கூடாததுதான் அவன் சாப்பிட வேண்டியது. அவனுக்குத் தசை கரைந்துகொண்டு வந்தது. இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை சோறோ கிழங்கோ ரொட்டியோ கொஞ்சமாவது உள்ளே போக வேண்டும், உப்பு அறவே ஆகாது, இன்னும் மெலிந்தால் ஆபரேஷனைத் தாங்கமாட்டான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஒரே வீட்டில், ஒரே மேஜையில், ஒருத்தி இளைக்க வேண்டும், ஒருத்தன் தேற வேண்டும். இரண்டில் எது தவறினாலும் இரண்டும் போச்சு. வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, பட்டாணிச் சோறு, கையால் பிசைந்த பெரிய ரொட்டி எல்லாம் அவனுக்கு. முழுசாகச் சுட்ட காலிஃபிளவர், காளான், கீரையோடு பனீர் எல்லாம் அவளுக்கு. புருஷனும் தம்பி மனைவியும் தம்பி மகளும் இரண்டு பக்கமும் கைநீட்டிச் சாப்பிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஒன்றை மட்டும் மறந்துபோனாள். அது அவள் மறக்கக்கூடிய விஷயமே இல்லை.

அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அம்மா துணி ஆலையில் ராத்திரி வேலைக்குப் போகிறவள். சாயங்காலம் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுப் போய்விடுவாள். சுண்டு அம்மா இல்லாமல் வாயைத் திறக்கமாட்டான். கெஞ்சிப் பார்த்து, அடித்துப் பார்த்து, கடைசியில் பூசணி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரே தட்டு. உனக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். அவள் தன் வாயை விழுங்கினால்தான் அவன் அடுத்ததற்குத் திறப்பான். "ஆ காட்டு" என்பான். அவள் வாயைப் பிளந்து காட்ட வேண்டும். உள்ளே ஒன்றுமில்லை என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தன் வாயைத் திறப்பான். தம்பி வயிறு நிறைவதற்குள் இவள் வயிறு இரண்டு தடவை நிறைந்துவிடும். அவனைத் தேற்றத் தின்ற தீனிதான் இந்த உடம்பு என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரியவர்களான பிறகும், லீவுக்கு வந்தால் முதல் சாப்பாடு ஒரே தட்டில்தான். மற்றவர்கள் சிரிப்பார்கள். "என் புருஷனுக்கு ஊட்டி முடிச்சதும் சொல்லுங்க அண்ணி, நான் கூட்டிட்டுப் போறேன்" என்பாள் தம்பி மனைவி. அது வருஷத்துக்கு ஒருநாள் வேடிக்கையாக இருந்தது.

இந்த வருஷம் காரிலிருந்து சுண்டுவை இறக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. வயிறு மட்டும் நீர் கோத்துப் புடைத்திருந்தது. கைகள் குச்சியாகியிருந்தன. பெரிய பஸ்ஸின் ஸ்டியரிங்கைச் சுண்டுவிரலில் திருப்பியவன், வாசல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். பூசணியைப் பார்த்ததும் அந்த மஞ்சள் கண் விரிந்தது.

"என்னக்கா, பாதி ஆளைக் காணோம்?"

"நடக்கறேன்டா. மூட்டு வலின்னு டாக்டர் நடக்கச் சொன்னாரு."

"பூசணி வத்திப்போனா நல்லாவே இல்ல" என்றான். அவள் அவசரமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மேஜையில் உட்கார்ந்ததும் அவன் தட்டைத் தள்ளிவைத்தான். ஒரு வாரமாகவே இப்படித்தான் என்றாள் மனைவி. எதைக் கொடுத்தாலும் குமட்டுகிறது, வாயே கசக்கிறது, ராத்திரி ஒரு ரொட்டித்துண்டைக்கூட உள்ளே தள்ள முடியவில்லை. சுண்டு சுற்றிலும் பார்த்தான். அப்புறம் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தான்.

"அக்கா குடுத்தா சாப்பிடுவேனோ என்னவோ."

பூசணி தட்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உப்பில்லாத கிழங்கை ஒரு வாய் எடுத்து அவனிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டான். மென்றான். மெல்ல விழுங்கினான். அப்புறம் அவளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். எதற்குக் காத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு வாய் அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். வெண்ணெயும் கிழங்கும் நாக்கில் பட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. மாதக்கணக்கில் கிழங்கு காணாத நாக்கு. அவள் விழுங்கினாள். அவன் வாயைத் திறந்தான்.

அன்று தட்டு காலியானது. தம்பி மனைவி அடுப்படியில் நின்று பூசணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒரு வாரமா பாதி இட்லி அளவுகூட" என்று சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் தலையாட்டினாள். இரண்டு மணிநேரத்தில் அடுத்த வேளை வந்தது. அப்புறம் அடுத்தது. மறுநாள் காலை மெஷின்மேல் ஏறி நின்றபோது முள் ஒரு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தது. பூசணி குளியலறைத் தரையில் உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். ஊட்டினால் இவள் ஈரல் உதவாது. ஊட்டாவிட்டால் அவன் உடம்பு தாங்காது. அவனை எந்த வழியில் கொல்வது என்று தன்னையே கேட்டு நிற்பதுபோல இருந்தது. முகத்தைத் துடைக்கக் காகிதத்தைக் கிழித்தபோதுதான் அவளுக்குக் கடைமேஜை நினைவுக்கு வந்தது.

அன்றைய முதல் வேளையிலேயே செய்துபார்த்தாள். ஒரு வாய் அவனுக்கு. ஒரு வாய் தனக்கு. மென்றாள், ரசித்துத் தலையாட்டினாள், தண்ணீர் எடுப்பதுபோலத் திரும்பிக் காகிதக் கைக்குட்டையை வாயில் ஒற்றி, சுருட்டி ஏப்ரன் பையில் போட்டாள். எத்தனை வருஷத்துப் பழக்கம்! கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. "ஆ காட்டு" என்று கேட்கிற வயசை அவன் தாண்டிவிட்டது நல்லதாகப் போயிற்று.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் சுண்டு தேறினான். பெரிதாக ஒன்றுமில்லை. தானாக எழுந்து ஜன்னல்வரை நடந்தான். மகளுக்கு ஸ்டியரிங் பிடிக்கிறாற்போலக் கையை வைத்து, வாயால் ஹாரன் அடித்துக் காட்டினான். பூசணியின் முள்ளும் இறங்கத் தொடங்கியது. ஆனால் மென்று துப்புவதைவிடக் கொடுமை வேறில்லை. வாசனையும் ருசியும் வாயில் நிறைந்து, தொண்டை அதற்காகத் திறந்து காத்திருக்கும்போது எடுத்துத் துப்ப வேண்டும், ஒரு வேளைக்கு இருபது தடவை. புருஷன் ரொட்டி கடிக்கிற சத்தத்துக்கு அவர்மேல் எரிந்து விழுந்தாள். பீங்கான் தட்டை உடைத்தாள். மாடிப்படியில் கண் இருட்டி அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்கேனுக்கு இன்னும் மூன்று நாள், இன்னும் மூன்று நாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

லீவின் பெரிய விருந்தை அவள் அந்த ஞாயிறு மத்தியானத்துக்கு வைத்திருந்தாள். மேஜை நிறைந்திருந்தது. எல்லோரும் சிரித்துப் பேசிச் சாப்பிட்டார்கள். வழக்கம்போலச் சுண்டுவுக்கும் பூசணிக்கும் ஒரே தட்டு. முடிந்ததும் ஏப்ரனைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, தயிர் எடுக்க உள்ளே போனாள்.

சுண்டு தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்திருக்கிறான். வியாதியால் கை உதறும். தண்ணீர் சட்டையில் கொட்டிவிட்டது. துடைக்க எது அகப்பட்டதோ அதை இழுத்தான். ஏப்ரன். பையிலிருந்து ஈரக் காகித உருண்டைகள் மேஜைமேல் விழுந்து உருண்டன. ஒன்று பிரிந்துகொண்டது. மென்ற கிழங்கு. இன்னொன்று. பட்டாணித்தோல். பூசணி தயிரோடு வந்தபோது எல்லோர் கண்ணும் அவற்றின்மேல்தான் இருந்தது. சுண்டு உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயுமா அக்கா?" என்றான்.

அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னான். மேஜையைப் பிடித்து எழுந்து, தன் டம்ளரை எடுத்து, ஜன்னல் ஓரமாகக் கொண்டுபோய்த் தனியாகக் கவிழ்த்துவைத்தான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பூசணிக்கு ஒரு கணம் ஒன்றுமே புரியவில்லை. கடையில் துப்புவது வேலை. அது ஒருவருக்கு அவமானமாகத் தெரியலாம் என்பதே அவள் புத்திக்கு எட்டியதில்லை. கவிழ்ந்திருந்த டம்ளரைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அவன் எச்சில் பட்ட தட்டிலிருந்து எடுத்ததை, அருவருத்துத் துப்பியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். உலகத்தில் யார் நினைத்தாலும் அவன் நினைக்கலாமா? நினைக்காமல் என்ன செய்வான், பாவி, கண்ணால் பார்த்தானே!

அடுத்த வேளை போயிற்று, அதற்கடுத்த வேளையும் போயிற்று. அவன் சாப்பிடவில்லை. மனைவி கதவருகே நின்று கெஞ்சினாள். மாத்திரைக்குக்கூடத் தண்ணீர் வாங்கவில்லை. மகள் கூப்பிட்டபோது மட்டும் "அப்பாவுக்குத் தூக்கம் வருதும்மா" என்றான். மறுநாள் காலையில் அவன் பேச்சே குழற ஆரம்பித்தது. கிழமையைக் கேட்டால் மாற்றிச் சொன்னான்.

"சொல்லிடுங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "சொன்னா ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லுவாரு. சொல்லலைன்னா அதுவரைக்கும்கூட இருக்கமாட்டாரு."

பூசணி ஒரு தட்டில் சோறும் மசித்த கிழங்கும் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"எழுந்திருடா."

"போக்கா. உனக்கு எதுக்குச் சிரமம்."

"எனக்கு உன்மேல அருவருப்பா? உன் மூக்குச்சளியைக் கையால துடைச்சவடா நான்." குரல் உடைந்தது. நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள். "என் ஈரல்ல கொழுப்பு. அது கரைஞ்சாத்தான் உனக்கு வெட்டித் தர முடியும். அதுக்காக நான் சோறு தின்னு எத்தனை மாசமாச்சு தெரியுமா? நீ தின்னணும்னா நான் தின்னணும். நான் தின்னா உனக்கு ஈரல் இல்ல. நான் என்னதான்டா பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்சதைப் பண்ணினேன். துப்பினேன்."

அவன் திரும்பினான். கழுத்தெலும்பு தெரிகிற அக்காவை அப்போதுதான் பார்க்கிறவன் போலப் பார்த்தான்.

"மூட்டு வலின்னியே."

"பொய்."

"வேண்டாம்" என்றான். "நான் அன்னிக்கே சொல்லிட்டேன். உன்ன அறுக்க விடமாட்டேன். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா? வேண்டாம்க்கா, விட்டுடு."

பூசணிக்குள் ஏதோ அறுந்தது. இத்தனை மாதத்துப் பசியும் பயமும் கோபமாகத் திரண்டு தலைக்கேறியது.

"விட்டுடணுமா? சரி, விட்டுட்டேன்" என்றாள். கட்டிலில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "நீ சாகறதுன்னு முடிவு பண்ணிட்டே. அப்புறம் நான் எதுக்குடா பட்டினி கிடக்கணும்? யாருக்காக?" சோற்றை வழித்து வாயில் திணித்தாள். கிழங்கை அள்ளி அதற்குமேல் திணித்தாள். கன்னம் இரண்டும் புடைத்தன. கண்ணீர் வழிந்து வாயோரத்தில் இறங்கியது. மென்றாள். தொண்டை திறந்தது. இந்த முறை யாரும் அதைத் தடுக்கப்போவதில்லை என்று அதற்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"அக்கா."

அவள் கேட்கவில்லை. மென்றுகொண்டே இருந்தாள்.

"அக்கா, வேண்டாம். முழுங்காத."

அவன் முழங்கையை ஊன்றி எழுந்தான். எழ முடியாமல் ஒருமுறை சரிந்து, மறுபடி எழுந்தான். உதறுகிற கையை நீட்டி, மஞ்சளாகிப்போன உள்ளங்கையைக் குழித்து, அவள் வாய்க்கு நேராகப் பிடித்தான்.

"துப்பு."

பூசணி அவனைப் பார்த்தாள்.

"என் கையில துப்புக்கா. துப்பு."

அவள் குனிந்தாள். வாயில் இருந்தது முழுக்க அவன் கையில் விழுந்தது. அவன் கையை இழுக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. கட்டிலருகே இருந்த கிண்ணத்தில் அதைப் போட்டுவிட்டு, போர்வையிலேயே கையைத் துடைத்துக்கொண்டான். அவள் மடியிலிருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்தான். ஒரு வாய் எடுத்து வாயில் போட்டு மென்றான். குமட்டியது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான்.

"இது எனக்கு" என்றான்.

இன்னொரு வாய் எடுத்தான். கை உதறி, பாதி போர்வையில் சிந்தியது. சிந்தியதையும் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு வாயில் போட்டான். இம்முறை இன்னும் நேரமாயிற்று. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு, வெளியே வரப் பார்த்ததைத் திரும்ப உள்ளே அனுப்பினான்.

"இது உனக்கு."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டான் என்று நம்பலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சுண்டு அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயை அகலமாகத் திறந்து காட்டினான்.